லாரி ஓட்டுநர்களுக்கான கண்பார்வை விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தால்தான் கண்ணைப் பற்றிய சந்தேகங்கள் கிளம்புகின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஓட்டுநர்களும் வண்டி உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. பதில்களுக்கு அடிப்படை இந்தியச் சட்டம். அமெரிக்கா, கனடா பற்றி அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் அது கடைசியில் வருகிறது.

1. ஹெவி லைசென்ஸ் எடுக்க கண்ணு எவ்வளவு தெரியணும்? ஏதாவது நம்பர் இருக்கா?

விண்ணப்பப் படிவங்களில் 6/6, 6/12 என்று எந்த எண்ணும் கிடையாது (கண் மருத்துவமனை அட்டையில் பார்வையை அளக்கும் எண்கள் அவை; 6/6 சரியான பார்வை, கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். அதுதான் அளவுகோல். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே படிக்கலாம்.

கண் மருத்துவமனைக் கணக்கில் இது எவ்வளவு? மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். 25 மீட்டரிலிருந்து பார்த்தால், 6/6 வரிசை எழுத்தைவிட அது 1.8 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆக, தேவைப்படுவது ஏறக்குறைய 6/11. சுவரில் மாட்டிய அட்டையில் மேலிருந்து ஐந்தாவது வரிசை 6/12, ஆறாவது வரிசை 6/9. ஆறாவது வரிசையைத் தடுமாறாமல் படித்தால் கவலை இல்லை. ஐந்தாவதிலேயே திணறினால் நம்பர் பிளேட் சோதனையில் தேறுவது சந்தேகம்தான்.

2. படிவம் 1, படிவம் 1ஏ ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை?

வேறு வேறு. படிவம் 1 நீங்களே கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழி. வலிப்பு உண்டா, ஒவ்வொரு கண்ணாலும் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று அதில் கேள்விகள் இருக்கும். படிவம் 1ஏ மருத்துவர் தரும் சான்று. உங்கள் போட்டோ ஒட்டி, அங்க அடையாளம் எழுதி, தூரப் பார்வை, காது, கை கால் மூட்டுகளைக் குறிப்பாகக் கவனித்து நேரில் பரிசோதித்தேன் என்ற வாசகத்தின் கீழ் அவர் கையெழுத்துப் போடுகிறார்.

படிவம் 1-இல் “ஒவ்வொரு கண்ணாலும்” என்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நன்றாகத் தெரிகிறது என்பது போதாது. ஒரு கண் மங்கிப்போனதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு; நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை.

3. மெடிக்கல் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்கணும்?

சொந்தக் கார், பைக் லைசென்ஸ் என்றால் 40 வயதுக்குப் பிறகுதான் 1ஏ தேவை. போக்குவரத்து வாகனம் (லாரி, பஸ், டேக்சி போன்றவை) என்றால் எந்த வயதிலும் தேவை, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். கேஸ், பெட்ரோல், ரசாயன டேங்கர் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 3 ஆண்டு.

அந்தத் திருத்தத்தில் இன்னொன்றும் மாறியது. முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று சலுகை இருந்தது. இப்போது இல்லை. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கண்ணில் ஏதாவது குறை தெரியவந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கிற மாதிரி மூன்று நான்கு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் போய், கண்புரை இருப்பதாகச் சொல்லிவிட்டால் பல வாரம் வருமானம் போய்விடும்.

4. கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர்ல பார்த்த சீட்டு இருக்கு. அது போதாதா?

போதாது. படிவம் 1ஏ-இல் கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவர். கடையில் கண் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் திறமையானவராக இருக்கலாம், ஆனால் அந்தச் சீட்டு சான்று ஆகாது. மருத்துவரிடம் போகும்போது அதையும் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும். மற்றபடி, கம்ப்யூட்டர் சீட்டில் இருப்பது கண்ணாடியின் பவர் மட்டுமே. நரம்பு, விழித்திரை, பக்கவாட்டுப் பார்வை எப்படி இருக்கிறது என்று அது காட்டாது.

ஆளைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் புரோக்கரிடம் போக வேண்டாம். பொய்யான தகவலில் வாங்கிய லைசென்ஸை மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி ரத்து செய்ய முடியும். அதைவிட முக்கியம், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் கண்ணை ஒரு மருத்துவர் பார்ப்பதற்கு இருக்கும் ஒரே கட்டாய வாய்ப்பு அது. அதைக் காசு கொடுத்து இழக்காதீர்கள்.

5. வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. டேப் வைத்து 25 மீட்டர் அளந்து, நின்றிருக்கும் ஒரு காரின் எதிரே நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தூரத்துக் கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கையைக் குழியாக வைத்து இடது கண்ணை மூடி வலது கண்ணால் படியுங்கள், பிறகு மாற்றுங்கள். விரலால் கண்ணை அழுத்தி மூடக் கூடாது. அழுத்திய கண் திறந்தபின் சிறிது நேரம் மங்கலாகத் தெரியும், சோதனை தப்பாகிவிடும்.

தெரிந்த வண்டியாக இருக்கக் கூடாது. நம்பர் மனப்பாடமாக இருந்தால் படிப்பது கண் இல்லை, மூளை. 8-ஐயும் B-ஐயும், 0-வையும் D-ஐயும் குழப்பிக்கொள்கிறீர்களா என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சரிபாருங்கள். கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது என்றால் பவர் மாறியிருக்கிறது. இதில் தேறிவிட்டால் தூரப் பார்வை மட்டும் சரி என்று பொருள். மற்றவற்றுக்கு 10-ஆவது, 13-ஆவது பதில்களைப் பாருங்கள்.

6. கண்ணாடி போட்டா லைசென்ஸ் குடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

தவறு. பார்வைக் குறை இருந்தால், பொருத்தமான கண்ணாடியால் அது சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று 1ஏ-இலேயே கேட்கிறார்கள். சரியாகிவிட்டது என்றால் தகுதி உண்டு. இவ்வளவு பவருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அந்தப் படிவத்தில் இல்லை.

ஆனால் பரிசோதனைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு வண்டியில் கழற்றி வைப்பது வழக்கமாக இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. லோடு ஏற்றிய வண்டியில் அந்த ஒரு நொடி மிகப் பெரியது. கேபினில் இரண்டாவது கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கட்டும். வழியில் உடைந்தால் அன்றைய ஓட்டமே நின்றுவிடும். சட்டைப் பையில் வெறுமனே வைத்த கண்ணாடியில் கீறல் விழும், இரவில் எதிர் விளக்கு அந்தக் கீறல்களில் சிதறும். உறையில் வையுங்கள்.

7. எனக்கு தூரம் நல்லா தெரியுது, பேப்பர் படிக்கத்தான் தெரியல. பிரச்சனையா?

வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வருவது. கிட்டப் படிப்பதற்கான பார்வையை லைசென்ஸ் விதி கேட்பதில்லை. ஆனால் டாஷ்போர்டில் ஏர் பிரஷர் மீட்டர், வெப்பமானி, மொபைலில் மேப் எல்லாம் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன.

கடையில் வாங்கும் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டக் கூடாது, தூரம் மங்கிவிடும். கீழே மட்டும் பவர் உள்ள பைஃபோகல் வசதியானது. ஆனால் அதைப் புதிதாகப் போடுகிறவருக்குப் படிக்கட்டில் காலை வைக்கும் இடம் குழம்பும், கேபினிலிருந்து இறங்கும்போது கவனம் தேவை. புரோகிரெசிவ் லென்ஸில் ஓரங்கள் சற்று நெளிந்து தெரியும். பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் திருப்பப் பழக வேண்டும். ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டிப் பழகிவிட்டு நீண்ட ஓட்டத்துக்குப் போங்கள். கடைக்காரரிடம் “நான் லாரி ஓட்டுகிறேன்” என்று சொல்லி, டாஷ்போர்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லிச் செய்யச் சொல்வது நல்லது.

8. கலர் புக்குல நம்பர் படிக்க முடியல. ஹெவி கிடைக்காதா?

2020-க்கு முன்பு சிவப்பு, பச்சை நிறங்களைத் தடையின்றிப் பிரித்தறிய முடியுமா என்று மட்டும் கேள்வி இருந்தது; புள்ளிப் புத்தகத்தில் தவறியவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் படிவம் 1, 1ஏ இரண்டையும் திருத்தியது. லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்கள் லைசென்ஸ் பெறலாம். கடுமையான நிறக்குறையும் முழு நிறக்குருடும்தான் தடை.

எண் எழுதிய புள்ளிப் புத்தகம் இஷிஹாரா அட்டைகள். குறை இருக்கிறதா என்று அது நன்றாகக் கண்டுபிடிக்கும், குறை எவ்வளவு என்று சரியாகச் சொல்லாது. அதற்கு 15 நிற வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொல்லும் டி-15 என்ற சோதனை இருக்கிறது. பெரிய கண் மருத்துவமனைகளில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். புத்தகத்தில் தவறியவர் டி-15-இல் சரியாக அடுக்கினால் குறை கடுமையானது அல்ல என்று மருத்துவர் எழுதித் தர ஆதாரம் கிடைக்கும். இஷிஹாராவைப் பகல் வெளிச்சத்தில், முக்கால் மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் குண்டு பல்பின் கீழே பார்த்தால் முடிவு மாறும்.

9. சிக்னல்ல மேல இருக்கறது சிவப்புன்னு தெரியுமே, கலர் தெரியாட்டி என்ன?

நிற்கும் சிக்னலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். ஆனால் நெடுஞ்சாலையில் சிவப்பைப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு, நின்றுபோன வண்டியின் பின்னால் வைத்த முக்கோணம், ரயில்வே கேட் விளக்கு. நிறக்குறையில் ஒரு வகையினருக்குச் சிவப்பு நிறமே இருண்டு தெரியும். பிரேக் விளக்கு எரிவதை அவர்கள் தாமதமாகக் கவனிப்பார்கள். உங்களுக்கு இருப்பது அந்த வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகை என்றால் முன்வண்டிக்கு விடும் இடைவெளியை வழக்கத்தைவிடக் கூட்டுங்கள்.

நிறம் தெரிய வைக்கும் கண்ணாடி என்று விற்பவை சில நிறங்களுக்கிடையே வேறுபாட்டைத் தூக்கிக் காட்டும். குறையைக் குணமாக்காது. அதைப் போட்டுச் சோதனையில் தேறப் பார்க்க வேண்டாம்.

10. ராத்திரி ஓட்டுனா எதிர் லைட்டுல ஒண்ணும் தெரியல. மாலைக்கண்ணா?

பெரும்பாலும் மாலைக்கண் இல்லை. எதிர் விளக்கில் கூசுவதற்குக் காரணம் பலவாக இருக்கும்: ஆரம்பக் கண்புரை, பழைய பவர், கீறல் விழுந்த கண்ணாடி, வைப்பர் தேய்த்துத் தேய்த்துப் பூ விழுந்த முன் கண்ணாடி. முதலில் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்துப் பாருங்கள், புகைப் படலம் அங்கே அதிகம்.

மாலைக்கண் என்றால் எதிரே விளக்கே இல்லாதபோதும் மங்கலான இடத்தில் தடுமாறுவீர்கள். தியேட்டருக்குள் நுழைந்தால் மற்றவர்களைவிட வெகு நேரம் ஒன்றும் தெரியாது. வைட்டமின் ஏ குறைவால் வந்தது சிகிச்சையில் சரியாகும். விழித்திரை பரம்பரையாகக் கெட்டு வருவது சரியாகாது, பக்கவாட்டுப் பார்வையையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டே போகும். சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் லைசென்ஸுக்குப் போகும் முன்பே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். படிவம் 1-இல் மாலைக்கண் பற்றித் தனிக் கேள்வியே இருக்கிறது.

11. மஞ்சள் கண்ணாடி போட்டா ராத்திரி நல்லா தெரியுமாமே?

தெரியாது. மஞ்சளோ வேறு நிறமோ, நிறமிட்ட எந்தக் கண்ணாடியும் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கிறது. கூச்சம் குறைந்த மாதிரி தோன்றும், கூடவே ஓரமாக நடந்துபோகும் ஆளும் மறைவார். ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சு உள்ள நிறமற்ற கண்ணாடிதான் இரவுக்கு ஏற்றது.

12. சுகர் இருக்கு. கண்ணாடி மாத்தி மாத்திப் போட்டும் தெரியல. ஏன்?

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் ஏறி வற்றுகிறது, பவர் மாறுகிறது. சர்க்கரை 300-இல் இருக்கும்போது செய்த கண்ணாடி 140-க்கு வந்ததும் பொருந்தாது. சில வாரங்கள் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு பவர் பாருங்கள், காசு மிச்சம்.

பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை அவசியம். ரத்தக் குழாய் கசிவு நடுப் பார்வையைத் தொடும் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியும்போது தாமதமாகியிருக்கும். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். அதன் பிறகு குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வண்டி எடுக்கக் கூடாது. லோடு இல்லாத நாளில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

13. நம்பர் பிளேட் பளிச்சுனு தெரியுது, ஆனா பக்கத்துல வர்ற பைக் திடீர்னு முளைக்குது.

இதை அலட்சியப்படுத்த வேண்டாம். கண் நீர் அழுத்த நோயில் நடுப் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும், ஓரப் பார்வை மட்டும் சத்தமில்லாமல் கழிந்துகொண்டே வரும். 1ஆம் பதிலில் சொன்ன சோதனை இதைப் பிடிக்கவே பிடிக்காது. நம் நாட்டு 1ஏ-இல் பக்கவாட்டுப் பார்வைக்கு எத்தனை டிகிரி என்று அளவும் இல்லை. இது பெரிய குறை என்பது எங்கள் கருத்து. லாரியின் இடது பக்கம்தான் பைக்குகள் நுழையும் பக்கம், ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதோ வலது ஓரத்தில்.

மருத்துவர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து எப்போது தெரிகிறது என்று கேட்பது எளிய சோதனை. சந்தேகம் இருந்தால் பெரிமெட்ரி என்ற கருவிச் சோதனை. 40 தாண்டியவர்கள், பெற்றோருக்கு இந்த நோய் இருந்தவர்கள் கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும்.

14. கண்புரை ஆபரேஷன் பண்ணியாச்சு. எப்ப வண்டி எடுக்கலாம்?

லென்ஸ் வைத்த கண்ணுக்கு எந்தத் தடையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு முன்பைவிட நன்றாகத் தெரியும். கண் ஆறி, பவர் நிலைத்து, புதுக் கண்ணாடி போட ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை லாரி வேண்டாம். கனமான தார்ப்பாய் இழுப்பது, கயிறு முறுக்குவது, டயர் தூக்குவது, தூசியில் நிற்பது இவையும் அந்த நாட்களில் கூடாது. கிளீனர் வேலைதானே என்று போய்விடாதீர்கள்.

ஒரு கண் முடிந்து மறு கண் காத்திருக்கும்போது இரண்டுக்கும் பவர் வித்தியாசம் அதிகமானால் தூரம் கணிப்பது கடினமாக இருக்கும். அந்த இடைவெளியில் மருத்துவர் எழுத்தில் அனுமதித்தால் மட்டும் ஓட்டுங்கள். அரசு மருத்துவமனைகளிலும், அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளின் முகாம்களிலும் இந்த அறுவை இலவசமாகவே கிடைக்கிறது. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

15. லேசர் பண்ணி கண்ணாடியைக் கழட்டிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லணுமா?

கண்ணாடி இல்லாமல் 25 மீட்டர் தெரிந்தால் போதும். மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். முதல் சில மாதம் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், அதுவரை பகல் ஓட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

16. ஒரு கண்ணு சின்ன வயசுலேர்ந்தே தெரியாது. இன்னொரு கண்ணு பளிச்சுனு இருக்கு. லாரி ஓட்டலாமா?

இந்தியாவில் முடியாது. 2-ஆவது பதிலில் சொன்ன “ஒவ்வொரு கண்ணாலும்” என்ற நிபந்தனைக்குப் படிவம் 1-இலேயே ஒரே ஒரு விலக்கு உண்டு. குறைந்தது 5 ஆண்டு லைசென்ஸ் வைத்திருந்தவர் அதற்குப் பிறகு ஒரு கண் பார்வையை இழந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போக்குவரத்து வாகனம் அல்லாத இலகு ரக வாகனத்துக்காக இருக்க வேண்டும். அந்த வண்டியில் ஸ்டீயரிங் பக்கம் வெளிக் கண்ணாடி இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சொந்தக் கார் ஓட்டலாம். லாரி, பஸ், டேக்சி இதற்குள் வராது.

காரணம் ஊனத்தை இழிவாக நினைப்பது அல்ல. ஒரு கண்ணுக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 150 டிகிரிதான் தெரியும், இரண்டு கண்ணுக்கு 180-க்கு மேல். இழந்தது இடது கண் என்றால் 13-ஆவது பதிலில் சொன்ன இடது பக்கத்து இருட்டு இன்னும் கூடுகிறது. ரிவர்ஸில் சுவரை ஒட்டுவது, பக்கத்து வண்டிக்கு இடைவெளி பார்ப்பது போன்ற கிட்டத்துக் கணிப்பும் இரண்டு கண்ணை நம்பியது.

17. ஸ்பெஷல் பர்மிஷன், விலக்கு ஏதாவது வாங்க முடியுமா?

லாரிக்கு, பார்வைக் குறைக்குத் தனிநபர் விண்ணப்பித்து விலக்கு வாங்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். இருக்கும் வழி மேல்முறையீடு. லைசென்ஸ் மறுத்தாலோ ரத்து செய்தாலோ எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 17-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

வெறும் மனு எடுபடாது. எந்தக் காரணத்துக்காக மறுத்தார்களோ அதற்கு நேர்ப் பதிலான மருத்துவ ஆதாரம் வேண்டும்: நிறக்குறை என்றால் டி-15 முடிவு, தூரப் பார்வை என்றால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் கண்ணாடியோடு எடுத்த அளவு. சரிசெய்யக் கூடிய குறை என்றால் மேல்முறையீட்டைவிடச் சிகிச்சை முடித்துப் புது 1ஏ-யோடு மறுபடி விண்ணப்பிப்பது வேகமாக முடியும்.

18. லைசென்ஸ் இன்னும் மூணு வருஷம் இருக்கு, நடுவுல கண்ணு போச்சு. அதுவரைக்கும் ஓட்டலாம்ல?

கூடாது. அட்டையில் தேதி இருப்பது தகுதி இருப்பதற்குச் சான்று ஆகாது. 16-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் அதிகாரி எந்த நேரத்திலும் புது மருத்துவச் சான்று கேட்கலாம், ரத்தும் செய்யலாம். உடல் தகுதி இல்லாமல் ஓட்டினால் 186-ஆம் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதம் சிறியதுதான். ஒரு உயிர் போன பிறகு வழக்கில் அந்த மருத்துவச் சீட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு.

19. சர்வீஸ்ல இருக்கும்போது கண்ணு கெட்டா வேலையை விட்டு அனுப்பலாமா?

அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு நிறுவனம் என்றால் முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது. நிறக்குறையைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்ட தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், மாற்று வேலை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

தனியார் லாரியில் ஓட்டுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கண் சரியில்லை என்பதை அவர்கள் மறைப்பதற்கு இதுதான் முதல் காரணம். தமிழ்நாட்டில் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு முறையும் புதுப்பித்து வைத்திருங்கள்; கண்ணாடி வாங்குவதற்கு உதவித் தொகை அதில் உண்டு. உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆயுத பூஜைக்கு வண்டிகள் எல்லாம் பட்டறைக்கு வந்து நிற்கும்போது ஒரு கண் முகாம் வையுங்கள். குறை தெரியவந்தவரை அனுப்பிவிடாமல், சிகிச்சை முடியும் வரை லோடு பார்க்கும் வேலையிலோ கணக்கிலோ வைத்துக்கொண்டால் மற்றவர்களும் மறைக்க மாட்டார்கள்.

20. சின்ன யானைக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும்னு தீர்ப்பு வந்துச்சே. அப்ப மெடிக்கல் வேண்டாமா?

2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது இது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை (சின்ன யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி போல) எல்.எம்.வி., அதாவது இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். அதன் விளைவாக, 40 வயதுக்குக் கீழே உள்ளவர் 1ஏ தராமலே சரக்கு வண்டி ஓட்ட முடிகிறது. பார்வை நிபந்தனை போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. படிவம் 1 உறுதிமொழி எல்லோருக்கும் உண்டு. 16-ஆவது பதிலில் சொன்ன ஒற்றைக் கண் விலக்கு, போக்குவரத்து வாகனத்தை வெளிப்படையாகவே ஒதுக்குகிறது. அந்த விலக்கில் லைசென்ஸ் வாங்கியவர் சரக்கு வண்டி எடுத்தால் விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

21. அமெரிக்காவுல ஒத்தைக் கண்ணோட டிரெய்லர் ஓட்டுறாங்களே, அது எப்படி?

அங்கே மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுவதற்குக் கூட்டாட்சி விதி எண்ணோடு இருக்கிறது: ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடியோடோ இல்லாமலோ 20/40, நம் கணக்கில் 6/12, ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கவாட்டில் குறைந்தது 70 டிகிரி, சிக்னலின் சிவப்பு, பச்சை, மஞ்சளைப் பிரித்தறிவது. இதில் ஒரு கண் தேறாதவர்களுக்கு 1990-களின் இறுதியிலிருந்து விலக்குத் திட்டம் நடந்தது. மூன்று ஆண்டு அந்தக் குறையோடு தம் மாநிலத்துக்குள்ளேயே பாதுகாப்பாக ஓட்டிய அனுபவத்தைக் காட்டி மத்திய அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

2022 மார்ச் 22 முதல் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக மாற்றுத் தகுதி விதி ஒன்று வந்தது, எண் 391.44. பழைய விலக்குகள் ஓராண்டில் செல்லாமல் போயின. இப்போது கண் மருத்துவரோ ஆப்டோமெட்ரிஸ்டோ எம்.சி.எஸ்.ஏ.-5871 என்ற அறிக்கையை நிரப்ப வேண்டும். அவர் கையெழுத்திட்ட 45 நாளுக்குள், தேசியப் பதிவேட்டில் உள்ள மருத்துவப் பரிசோதகர் தம் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். நல்ல கண்ணில் 20/40, 70 டிகிரி, நிறம் அறிதல், குறை நிலையாக இருப்பது, அந்தக் குறைக்குப் பழகப் போதிய காலம் ஆகியிருப்பது எல்லாம் தேவை. சான்று அதிகபட்சம் 12 மாதம். மற்றவர்களுக்கு 24 மாதம். முதல் முறை தகுதி பெறுகிறவருக்கு, அந்தக் குறையோடு ஏற்கெனவே ஓட்டிய அனுபவத்துக்கான விலக்கு இல்லையென்றால், வேலை தரும் நிறுவனம் சாலைத் தேர்வும் வைக்க வேண்டும். 45 நாள் தாண்டிப்போவதுதான் அங்கே அடிக்கடி சிக்கலாகிறது: பரிசோதகரிடம் தேதி வாங்கிவிட்டு அதற்குப் பிறகே 5871-இல் கையெழுத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

22. ஒரு கண்ணுல தூரத்துக்கு, இன்னொரு கண்ணுல படிக்க லென்ஸ் போட்டிருக்கேன். அமெரிக்க டெஸ்ட்ல ஒத்துப்பாங்களா?

மாட்டார்கள். ஒவ்வொரு கண்ணிலும் தூரப் பார்வை வேண்டும் என்பதால், படிக்கிற லென்ஸ் போட்ட கண் 20/40 தேறாது. தொலைநோக்கி மாதிரி பொருத்தும் லென்ஸும் ஏற்கப்படுவதில்லை. இரண்டு கண்ணுக்கும் தூர லென்ஸ் போட்டு, டாஷ்போர்டைப் பார்க்கக் கீழே மட்டும் பவர் உள்ள கண்ணாடி ஒன்றை அதோடு போட்டுக்கொள்ளலாம்.

23. டொராண்டோவில எங்கட ஆக்கள் நிறையப் பேர் ட்ரக் ஓடுகினம். கனடாவில என்ன அளவு?

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏ வகுப்பு (டிரெய்லர் ட்ரக் உரிமம்) உள்ளிட்ட வணிக வாகன வகுப்புகளுக்கு இரண்டு கண்ணும் திறந்த நிலையில் 20/30, அதாவது 6/9 தேவை. பலவீனமான கண் 20/100-க்குக் கீழே போகக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு கண்ணும் சேர்ந்து தொடர்ச்சியாக 150 டிகிரி, மேலும் கீழும் 20 டிகிரி தெரிய வேண்டும்.

அமெரிக்க விதியோடு ஒப்பிட்டால், பலவீனமான கண்ணுக்கு இது இளகியது, இரண்டு கண்ணும் சேர்ந்த பார்வைக்கு இறுக்கமானது. ஒரு கண் முழுவதும் தெரியாதவர் 20/100 அளவைத் தொட முடியாது என்பதால் ஏ வகுப்புக்குத் தகுதி பெற மாட்டார். பக்கவாட்டுப் பார்வைக் குறைக்குத் தரும் சலுகைத் திட்டம் அங்கே சாதாரண கார் உரிமமான ஜி வகுப்புக்கு உரியது. அதை வைத்து ட்ரக் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.